இணைய ஏலத்தில் விண்டேஜ் பொருட்கள், பழைய டிசைன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உண்மையிலேயே மலிவாகக் கிடைக்கிறதா, அந்தக் காலமெல்லாம் போய்விட்டதா?

கிடைக்கிறது. ஏலத்தில் ஒரு பொருளின் விலை ஏற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மட்டும் கேட்டால் ஆரம்ப விலையிலேயே முடிந்துவிடும். ஆகவே இரண்டாவது ஆள் வந்து சேராத இடத்தைத்தான் நாம் தேட வேண்டும். தயாரித்தவர் பெயர் தலைப்பில் இல்லாத விளக்கு, மங்கலான ஒரே ஒரு படத்தோடு போடப்பட்ட நாற்காலி, சமையல் பாத்திரம் என்ற பிரிவில் தவறாகச் சேர்க்கப்பட்ட கண்ணாடிக் கலைப்பொருள், பத்து சாதாரணச் சாமான்களோடு ஒரே லாட்டில் (ஏலத் தொகுப்பில்) கட்டி விற்கப்படும் நல்ல கடிகாரம், "நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனை போட்ட மேசை. இவற்றில்தான் போட்டி குறைவு.

பிரபலமான பெயர் தலைப்பில் சரியாக எழுதப்பட்டு, பளிச்சென்ற படங்களோடு இருந்தால் அதில் மலிவை எதிர்பார்க்க வேண்டாம். அதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விற்பவர் எழுதாமல் விட்டதை உங்களால் படத்தைப் பார்த்தே சொல்ல முடிகிறதா? இந்தப் பக்கத்தில் உள்ள பெரும்பாலான பதில்கள் அந்தத் திறமையை வளர்த்துக்கொள்வது பற்றியவைதான்.

"ரெட்ரோ" என்று போட்டிருந்தால் பழைய பொருள்தானே?

இல்லை. போன மாதம் தொழிற்சாலையிலிருந்து வந்த பொருளையும் ரெட்ரோ என்று விற்கலாம்; பழைய பாணி என்ற அளவுக்குத்தான் அதற்குப் பொருள். எட்ஸி தளத்தில் விண்டேஜ் என்று போட வேண்டுமென்றால் பொருளுக்குக் குறைந்தது 20 வயதாகியிருக்க வேண்டும். ஆன்டிக் என்பதற்கு 100 ஆண்டு என்ற கணக்கைப் பல நாடுகளின் சுங்கத் துறைகள் பின்பற்றுகின்றன. தலைப்பில் உள்ள சொல்லை விட்டுவிட்டு, தயாரான ஆண்டு எது என்று கேளுங்கள்.

எந்தப் பொருளிலிருந்து தொடங்குவது?

உங்களுக்கு உண்மையாகவே பிடித்த ஒரே ஒரு வகையிலிருந்து. எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தெரிந்தவருக்கு ஏலத்தில் அனுகூலம் கிடையாது. டைப்ரைட்டரை மட்டும் ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருப்பவர், பல விற்பனையாளர்களைவிட அதிகம் தெரிந்தவராகிவிடுவார்.

பெருமளவில் தயாரான நல்ல வடிவமைப்புகள் தொடக்கத்துக்கு ஏற்றவை. மார்செல்லோ நிட்சோலி வடிவமைத்த ஒலிவெட்டி லெட்டெரா 22 டைப்ரைட்டர் 1950இல் வந்தது. எண்ணிக்கை அதிகம் என்பதால் இன்றும் அடிக்கடி ஏலத்துக்கு வருகிறது. எத்தோரே சோட்சாஸும் பெர்ரி கிங்கும் செய்த சிவப்பு வாலன்டைன் டைப்ரைட்டர் 1969ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அழகு, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த அழகு, ஆகவே விலையும் ஏறியிருக்கும். தட்டச்சு செய்வதற்காக வாங்குகிறீர்கள் என்றால் லெட்டெராதான் சரி என்பது என் கருத்து. தோனெட்டின் 14ஆம் எண் நாற்காலி 1859 முதல் கோடிக்கணக்கில் செய்யப்பட்டது. வளைத்த மரத்தில் அமைந்த அதன் வரிசையில் இன்னும் பல நாற்காலிகள் உண்டு. மேசை விளக்கு வேண்டுமென்றால் 1935இல் வந்த ஆங்கிள்பாய்ஸ் 1227, ரிச்சர்ட் சாப்பர் 1972இல் ஆர்டெமிடே நிறுவனத்துக்குச் செய்த டிட்சியோ இரண்டையும் பார்த்துப் பழகுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இவற்றில் சில இன்றும் புதிதாகத் தயாராகின்றன. டென்மார்க் வடிவமைப்பாளர் வெக்னரின் விஷ்போன் நாற்காலியை கார்ல் ஹான்சன் நிறுவனம் 1950 முதல் தொடர்ந்து செய்துவருகிறது. ஏல உற்சாகத்தில் பழைய நாற்காலி ஒன்று புதியதன் விலையைத் தாண்டிப் போவதும் உண்டு. எனவே புதியதன் விலை என்ன என்பது முதலில் தெரிந்திருக்கட்டும்.

எப்படித் தேடினால் மற்றவர்கள் காணாதது கிடைக்கும்?

பெயரை விட்டுவிட்டு உருவத்தைத் தேடுங்கள். விற்பவர் அந்தப் பொருளை வீட்டைக் காலி செய்யும்போது கண்டெடுத்தவராக இருக்கலாம். அவருக்கு டென்மார்க் வடிவமைப்பாளர் போல் ஹென்னிங்சனும் தெரியாது, அவர் செய்து 1958இல் வந்த பிஎச் 5 விளக்கும் தெரியாது. "பழைய தொங்கும் விளக்கு, டென்மார்க், அடுக்கு மூடி" என்றுதான் எழுதுவார். நீங்களும் அப்படியே, பொருள், நிறம், நாடு, பத்தாண்டு என்று சேர்த்துத் தேட வேண்டும்.

அடுத்தது எழுத்துப்பிழை. ஐரோப்பியப் பெயர்களைப் பலர் தவறாகத்தான் எழுதுகிறார்கள். இரட்டை எழுத்து ஒற்றையாகிவிடும், மேற்புள்ளிகள் விடுபடும், இரண்டு எழுத்துகள் இடம் மாறிவிடும். அந்தப் பிழைகளை ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தனியாகச் சேமித்துத் தேடினால், சரியாக எழுதித் தேடுகிறவர்கள் கண்ணில் படாதவை வரும். ஈபே ஓரளவு தானாகவே திருத்திக் காட்டுகிறது என்றாலும் எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ளவை நீங்கிவிடும். "பாணி", "நகல்" ஆகிய சொற்களை இப்படிக் கழித்துவிட்டுப் பாருங்கள், பக்கம் எவ்வளவு சுத்தமாகிறது என்று தெரியும்.

அப்புறம், மொழி. ஜெர்மானிய ரேடியோவை ஜெர்மானிய மொழியில் தேடுங்கள், இத்தாலிய விளக்கை இத்தாலிய மொழியில். மொழிபெயர்ப்புக் கருவிகள் இருக்கும்போது இது பெரிய வேலை இல்லை. ஜப்பானின் யாஹூ ஏலத் தளத்தில் கேமராக்கள், கடிகாரங்கள், ஒலிக் கருவிகள் ஏராளம். வெளிநாட்டவர் பெரும்பாலும் இடைத்தரகு நிறுவனங்கள் வழியாகத்தான் அங்கே வாங்குகிறார்கள். தரகுக் கட்டணம், அங்குள்ள உள்ளூர் அஞ்சல், சர்வதேச அஞ்சல் என்று மூன்று செலவுகள் சேரும் என்பதை மறந்துவிடக் கூடாது.

படங்களின் பின்னணியையும் பாருங்கள். விற்பனைக்கு வைத்திருப்பது குவளை. அது வைக்கப்பட்டிருக்கும் மேசை அதைவிடச் சுவாரசியமாக இருக்கலாம். அதே விற்பனையாளரின் மற்ற ஏலங்களைத் திறந்து பார்த்தால் அந்த வீட்டின் ரசனையே தெரிந்துவிடும்.

நியாயமான விலை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். விற்ற விலையைப் பாருங்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி உண்டு. ஏறக்குறைய கடைசி 90 நாள் விற்பனை தெரியும். பெரும்பாலான ஏல நிறுவனங்கள் பழைய முடிவுகளைத் தங்கள் தளத்திலேயே வைத்திருக்கின்றன. மிக உயர்ந்த ஒரு விலையை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அன்றைக்கு இரண்டு பேர் பிடிவாதமாக மோதியிருக்கலாம். நடுவில் எங்கே அதிகம் குவிகிறதோ அதுதான் சந்தை விலை. நிலைமையையும் சேர்த்து ஒப்பிடுங்கள். பெட்டியோடு இருப்பதும் பெட்டி இல்லாததும், வேலை செய்வதும் செய்யாததும் வேறு வேறு பொருள்கள் மாதிரிதான்.

தானியங்கி கேட்பு எப்படி வேலை செய்கிறது? கடைசி நொடியில் கேட்பது சரியா?

உங்கள் உச்ச வரம்பைத் தளத்திடம் ரகசியமாகச் சொல்லிவிடுகிறீர்கள். மற்றவர் கேட்கக் கேட்க, தளம் உங்கள் சார்பில் தேவையான அளவு மட்டும் உயர்த்தும். உங்கள் வரம்பு 200, அடுத்தவர் வரம்பு 120 என்றால் நீங்கள் 120க்கு ஒரு படி மேலே கொடுத்தால் போதும். வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1961இல் ஆராய்ந்து எழுதிய இரண்டாம் விலை ஏலத்துக்கு இது நெருக்கமானது. அப்படிப்பட்ட ஏலத்தில் உங்கள் மனதில் உள்ள உண்மையான மதிப்பைக் கேட்பதே சிறந்த வழி.

அப்படியானால் முன்கூட்டியே கேட்டுவிடலாமே? ஏட்டளவில் சரி. ஆனால் மனிதர்கள் அப்படி நடப்பதில்லை. யாரோ தன்னை முந்திவிட்டார்கள் என்று அறிவிப்பு வந்ததும் பலர் வரம்பை உயர்த்துகிறார்கள். சீக்கிரம் கேட்டால் அதற்கு அவர்களுக்கு நேரம் கொடுக்கிறீர்கள். முடியும் நேரம் நிலையாக உள்ள தளங்களில் கடைசி சில நொடிகளில் ஒரே ஒருமுறை, முழு வரம்பையும் கேட்பதுதான் நல்லது. ஈபே இதைத் தடை செய்யவில்லை. கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் நீளும்படி அமைத்த தளங்களும் உண்டு, காட்டாவிக்கி அப்படிப்பட்டது. அங்கே இந்த உத்தியால் பயன் இல்லை, வரம்பில் உறுதியாக நிற்பது மட்டுமே வழி.

வரம்பைக் கொஞ்சம் ஒற்றைப்படையாக வையுங்கள். எல்லோரும் 100, 150, 200 என்று முழு எண்களில் நிற்பார்கள். 153 என்று கேட்டவர் 150 கேட்டவரைத் தாண்டிவிடலாம்.

ஏல நிறுவனங்களின் தளங்களில் வென்ற விலையைவிட அதிகம் கட்டச் சொல்கிறார்களே?

அது வாங்குபவர் கட்டணம். கிறிஸ்டீஸும் சோத்பீஸும் 1975இல் லண்டனில் கொண்டுவந்த வழக்கம்; இன்று ஏறக்குறைய எல்லா ஏல நிறுவனங்களிலும் இருக்கிறது. 20 முதல் 30 சதவீதம் வரை சாதாரணமாகப் பார்க்கலாம். வேறொரு தளம் வழியாக இணையத்தில் கேட்டால் அதற்குத் தனியாகச் சில சதவீதம். கட்டணத்தின் மேல் வரி. அப்புறம் அனுப்பும் செலவு. பல சிறிய நிறுவனங்கள் தாங்களே அனுப்புவதில்லை, வெளியாள் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சுத்தியல் விழுந்த விலை, அதாவது ஏலத்தில் வென்ற விலை, 100 என்றால் கையிலிருந்து போவது 150ஐத் தாண்டலாம். ஆகவே கேட்பதற்கு முன் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்: மொத்தம் இவ்வளவுதான் என்று முடிவு செய்து, கட்டணங்களைக் கழித்து, மிச்சத்தை வரம்பாக வையுங்கள்.

இவ்வளவு செலவு இருந்தும் ஊர்ப்புறச் சிறு ஏல நிறுவனங்கள் எனக்குப் பிடித்த இடங்கள். மரச்சாமான், ஓவியம், நகை என்று ஒரே நாளில் நூற்றுக்கணக்கான லாட்டுகள் போகும்போது, 60களின் பிளாஸ்டிக் விளக்கு ஒன்றுக்காகக் காத்திருப்பவர்கள் குறைவாகவே இருப்பார்கள்.

அசலா, போலியா? படத்தை வைத்தே சொல்ல முடியுமா?

பல நேரங்களில் முடியும், சரியான படம் இருந்தால். எனவே முதல் வேலை, அடிப்பக்கத்தின் படத்தைக் கேட்பது. முகப்பை நகல் செய்பவர்கள் அடிப்பக்கத்தில் அவ்வளவு கவனம் காட்டுவதில்லை. முத்திரை, திருகு, ஒட்டு, தேய்மானம் எல்லாம் அங்கேதான் தெரியும்.

ஈம்ஸ் லவுஞ்ச் நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1956இல் ஹெர்மன் மில்லர் நிறுவனம் வெளியிட்டது, மிக அதிகமாக நகல் செய்யப்படும் ஒன்று. அசலில் முதுகுப்பலகையின் வெளிப்பக்கத்தில் திருகுகள் தெரியாது. ரப்பர் தாங்கிகளால் உள்ளிருந்து பிணைத்திருப்பார்கள். நகல்களில் பெரும்பாலும் திருகுத் தலை வெளியே தெரியும். பலகையின் விளிம்பைப் பார்த்தால் காலமும் ஓரளவு தெரியும். பழையவற்றில் ஐந்து அடுக்கு ஒட்டுப்பலகை, 1990களுக்குப் பிந்தையவற்றில் ஏழு. அந்த ரப்பர் தாங்கிகள் பழையதாகி விட்டுப்போவது இந்த நாற்காலியின் பெரிய பலவீனம் என்பதால் அதையும் கேளுங்கள்.

வெர்னர் பான்டனின் ஒரே வார்ப்பு நாற்காலி 1967இல் வந்தது. அதன் மூலப்பொருள் காலப்போக்கில் பலமுறை மாறியது. இருக்கைக்குக் கீழே வளைவில் வலுவூட்டும் விலா வரிகள் இருந்தால் அது 1971 முதல் 1979 வரை செய்யப்பட்டது. விண்டேஜ்தான், சந்தேகமில்லை; ஆனால் அந்தப் பிளாஸ்டிக் வெயிலில் மக்கி உடையக்கூடியது. உட்காருவதற்காக வாங்காதீர்கள்.

முத்திரைகள் காலத்தைச் சொல்லும். "மேற்கு ஜெர்மனியில் செய்தது" என்றால் 1949க்கும் 1990க்கும் இடையில். "ஆக்கிரமிப்பில் உள்ள ஜப்பானில் செய்தது" என்றால் போருக்குப் பிந்தையது, 1952க்கு முந்தையது. அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க ஜிப் அஞ்சல் குறியீடு இருந்தால் 1963க்கு முன்னால் அச்சிட்டிருக்க முடியாது. கடையில் முதல் பார்கோடு படிக்கப்பட்டது 1974இல். 50களின் பொம்மை என்று சொல்லும் பெட்டியில் பார்கோடு இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஐரோப்பாவின் சிஇ குறி 1990களில் வந்தது.

தேய்மானமும் பேசும். கை படும் இடத்தில் தேய்ந்திருப்பது இயல்பு. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் யாரோ உப்புக்காகிதம் போட்டிருக்கிறார்கள். யுரேனியம் கண்ணாடி என்று சொன்னால் புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிரும் படம் ஒன்று கேளுங்கள். விற்பவரால் ஒரு நிமிடத்தில் எடுக்க முடியும்.

விவரிப்பில் வரும் சொற்களை எவ்வளவு நம்பலாம்?

ஏல மொழியில் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. வடிவமைப்பாளரின் பெயர் மட்டும் இருந்தால் அது உறுதிமொழி. "அவருடையதாகக் கருதப்படுவது" என்றால் ஊகம். "அவர் பாணியில்" என்றால் அவருடையது இல்லை. "அவர் காலத்தைச் சேர்ந்தது" என்றால் அவர் பெயரைத் தேடலில் வரவழைக்கப் போட்டிருக்கிறார்கள். "சோதிக்கவில்லை" என்பதைப் பெரும்பாலும் "வேலை செய்யவில்லை" என்றே எடுத்துக்கொண்டு விலை கேளுங்கள். நேர்மையான விதிவிலக்குகளும் உண்டு. 1972இன் போலராய்டு எஸ்எக்ஸ்-70 கேமராவுக்கு மின்கலம் பிலிம் பொதிக்குள்ளேயே இருக்கிறது. பிலிம் இல்லாதவரால் அதைச் சோதிக்கவே முடியாது. அதற்கான பிலிம் இன்று மீண்டும் தயாராகிறது.

இசைத்தட்டுகளில் "வெரி குட்" என்ற தரம் புதியவர்களை ஏமாற்றும். கீறல் கண்ணுக்குத் தெரியும், இரைச்சல் காதுக்குக் கேட்கும் தட்டுதான் அது. நல்ல தட்டு வேண்டுமென்றால் அதற்கு மேலே கூட்டல் குறி போட்டதையோ "நியர் மின்ட்" (ஏறக்குறைய புதியது) தரத்தையோ பாருங்கள்.

பழுதான பொருளை வாங்கலாமா?

எந்தப் பழுது என்பதைப் பொறுத்தது. பழுது என்ற சொல்லே பலரை விரட்டிவிடுகிறது, அதனால்தான் இங்கே நல்ல மலிவு இருக்கிறது.

ரப்பர் பட்டை போனது பழுதே இல்லை. 1979இன் வாக்மேன் முதல் பல கேசட் கருவிகள் வரை பட்டை உருகியோ தளர்ந்தோதான் நின்றுபோயிருக்கும். மாற்றுப் பட்டை கிடைக்கும். அழுக்கு, சிக்கிய டைப்ரைட்டர் விசை, மேலோட்டமான துரு, கறுத்த பித்தளை, தையல் விட்ட மெத்தை, ஆடும் நாற்காலிக் கால், எல்லாம் சரி செய்யக்கூடியவை. மஞ்சளான பழைய கம்ப்யூட்டர் பிளாஸ்டிக்கை வெளுக்க வைக்கும் முறைகள் உண்டு, ஆனால் நிறம் திரும்ப மாறலாம்.

வேண்டாம் என்று நான் சொல்பவை: லென்சுக்குள் பூஞ்சை படர்ந்த கேமரா, விரிசல் விட்ட பேக்கலைட் (பழைய கெட்டிப் பிளாஸ்டிக்), முடி போன்ற மெல்லிய விரிசல் விழுந்த பீங்கான், மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாள் உடைந்து காணாமல் போன மரச்சாமான், உள்ளே மின்கலம் கசிந்து மின்பலகையைத் தின்ற கருவி. வெளிச்சத்தை அளக்கும் செலீனியம் ஒளிமானி உள்ள பழைய கேமராக்களில் அந்த மானி செத்துப்போயிருந்தால் உயிர்ப்பிப்பது கடினம். மானி இல்லாமலும் படம் எடுக்கலாம் என்றால் வாங்குங்கள். காணாமல் போன சிறு உறுப்பையும் குறைத்து எண்ண வேண்டாம். வாலன்டைன் டைப்ரைட்டரின் நாடா உருளைகளுக்கு இரண்டு ஆரஞ்சு மூடிகள் உண்டு. அவை இல்லாத இயந்திரம் நிறையக் கண்ணில் படும், மூடிகள் தனியாக எளிதில் கிடைக்காது.

வேறு நாட்டு மின்சாதனம் நம் வீட்டில் வேலை செய்யுமா?

வோல்டேஜை மட்டும் பார்த்தால் போதாது. ஜப்பானில் 100, வட அமெரிக்காவில் 120, உலகின் பெரும்பகுதியில் 220 முதல் 240 வரை. மின்மாற்றி வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் அலைவெண் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பதை மின்மாற்றி மாற்றாது. மின் அலைவெண்ணை நம்பி ஓடும், எண் தகடுகள் புரளும் கடிகாரங்களும் சில பழைய இசைத்தட்டு இயக்கிகளும் 60க்குச் செய்தவையாக இருந்தால் 50இல் மெதுவாக ஓடும். கடிகாரம் ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். விற்பவரிடம் பின்பக்கத் தகட்டின் படம் கேளுங்கள், இரண்டு எண்ணும் அதில் இருக்கும்.

துணி சுற்றிய பழைய ஒயர் உள்ள விளக்கையோ வால்வு ரேடியோவையோ வந்தவுடன் சொருகாதீர்கள். ஒயரையும் மின்தேக்கிகளையும் தெரிந்தவர் பார்த்த பிறகுதான்.

சட்டச் சிக்கல், ஆபத்து ஏதாவது?

யானைத் தந்தம், ஆமை ஓடு, பிரேசில் ரோஸ்வுட் மூன்றும் சர்வதேச வனஉயிர் வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. 50, 60களின் உயர்தர நாற்காலிகள் பல அந்த மரத்தில் செய்தவை. உரிய சான்று இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம். நாட்டுக்குள்ளேயே வாங்குவது நிம்மதி.

இருட்டில் ஒளிரும் பழைய கடிகார முள்களில் 1960கள் வரை ரேடியம் பூசினார்கள். பச்சை ஒளி மங்கிப்போனாலும் கதிரியக்கம் மங்கவில்லை. அதைத் திறக்கவோ சுரண்டவோ கூடாது. பழைய பொம்மைகளின் வண்ணத்தில் ஈயம் இருக்கலாம், குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

விற்பவர் தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொல்கிறார். விலையும் குறைத்துத் தருகிறார்.

வேண்டாம். அப்படிக் கட்டினால் தளத்தின் பாதுகாப்பு முழுவதும் போய்விடும்.

போலிக் கணக்கில் விலையை ஏற்றுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால்?

கேட்பு வரலாற்றைத் திறந்து பாருங்கள். ஒரே கணக்கு அந்த விற்பனையாளரின் ஏலங்களில் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, எப்போதும் தோற்றுக்கொண்டிருந்தால் சந்தேகம் நியாயமானது. தளத்துக்குப் புகார் செய்யலாம். வரம்பை முன்பே முடிவு செய்தவருக்கு இதனால் வரும் இழப்பும் ஓரளவோடு நின்றுவிடும்.

உடையாமல் வந்து சேர என்ன செய்யலாம்?

கேட்பதற்கு முன்பே பேக்கிங் பற்றிக் கேளுங்கள், வென்ற பிறகு அல்ல. பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் இரட்டைப் பெட்டி. டைப்ரைட்டரின் நகரும் உருளையைப் பூட்டி அனுப்ப வேண்டும். பூட்டாமல் அனுப்பினால் ஒரு விழுகையில் வளைந்துவிடும். இசைத்தட்டு இயக்கியில் சுழலும் தட்டையும் ஊசிக் கையின் எடையையும் கழற்றித் தனியாகச் சுற்றச் சொல்லுங்கள். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டால் பெரும்பாலான விற்பனையாளர்கள் செய்கிறார்கள், கூடுதலாகக் கொஞ்சம் பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். பேக்கிங்கில் மிச்சம் பிடிப்பதைப் போல வீண் சிக்கனம் இந்தப் பொழுதுபோக்கில் வேறில்லை.

வந்ததும் முதலில் என்ன செய்வது?

பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுங்கள். விவரிப்போடு பொருந்தாவிட்டால் புகார் செய்ய நாள் வரம்பு உண்டு, அதற்குள் எழுதிவிடுங்கள். பெட்டி, நுரை, தாள் எதையும் அதுவரை எறியக் கூடாது.

பிறகு சுத்தம். மென்மையான தூரிகை, ஈரத்துணி, அவ்வளவுதான். பித்தளையைப் பளபளக்கத் தேய்ப்பதும் பழைய வண்ணத்தின் மேல் புது வண்ணம் அடிப்பதும் மதிப்பைக் குறைக்கும். அசல் பூச்சைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அடியில் உள்ள காகித ஒட்டுச்சீட்டின் மேல் தண்ணீர் படவே கூடாது. தயாரிப்பாளரையும் ஆண்டையும் சொல்வது பல நேரங்களில் அந்தச் சீட்டு மட்டும்தான். துடைக்கத் தொடங்குவதற்கு முன் அதை ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.